தரைக்கு வராத தீர்த்தகிரி

ஓசூரில் ரோஜாத் தோட்டங்களை அழித்துவிட்டு அடுக்குமாடிகள் கட்டிக்கொண்டிருந்த நாட்களில், புறவழிச்சாலை ஓரமாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் பதினோராவது மாடிச் சாரத்திலிருந்து, தீர்த்தகிரி என்ற பூச்சு வேலைக்காரன் கால் தவறி விழுந்தான். விழுந்தவன் தரைக்கு வந்து சேரவில்லை. அவன் கையிலிருந்த கொத்துக்கரண்டி வந்து சேர்ந்தது, ஒரு காலின் செருப்பு வந்து சேர்ந்தது, வாளியிலிருந்த கலவை வந்து சேர்ந்து மேஸ்திரியின் மோட்டார் சைக்கிள் மேல் சிதறியது. அவன் மட்டும் மூன்று ஆள் உயரத்தில், குப்புறப் படுத்த வாக்கில், கைகால்களைப் பரப்பியபடி, குளத்தில் மிதக்கிறவனைப் போல நின்றுவிட்டான். மேஸ்திரி அண்ணாந்து பார்த்து, "அடி ஏதாச்சும் பட்டுதாடா?" என்று கேட்டார். "இன்னும் இல்லீங்க" என்றான் தீர்த்தகிரி. அப்போது சாப்பாட்டு நேரம் என்பதால் மற்றவர்கள் அவன் நிழலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தூக்குவாளிகளைத் திறந்தார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஏணி வைத்து ஏறிய நிலைய அதிகாரி அவன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஓடாமல் நிற்கிற லாரியின் இன்ஜின் உறுமுவதைப் போல, பதினொரு மாடி விழுந்த வேகம் மொத்தமும் அவனுக்குள் உறுமிக்கொண்டிருந்தது. கயிறு கட்டி இழுத்தபோது எலும்பெல்லாம் பிய்த்துக்கொண்டு வருகிறதென்று அவன் கதறியதால் விட்டுவிட்டார்கள். கீழே மணலைக் கொட்டினார்கள். கொட்டிய உயரத்துக்கு அவன் மேலே போனான். மெத்தைகளை அடுக்கினார்கள், அதற்கும் மேலே போனான். வலையைக் கம்பங்களில் கட்டியபோதும் அப்படியே ஆனது. மனிதர்கள் சுற்றி நின்று கையால் வலையைப் பிடித்தபோது மட்டும் அவன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

"என்றைக்காவது ஒருநாள் வருவான்" என்றார் அதிகாரி. "வரும்போது பதினொரு மாடி வேகமும் சேர்ந்து வரும். பதினாறு பேர் வலையோடு நிற்க வேண்டும். இழுத்து விறைப்பாகப் பிடிக்கக் கூடாது. கை விட்டுக்கொடுத்தால்தான் ஆள் பிழைப்பான்."

தகவல் போய், தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து அவன் மனைவி மாதம்மா மூன்று பஸ் மாறி வந்தாள். வந்தவள் அழவில்லை. முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு மேலே பார்த்து, "என்னாங்க, சாப்டீங்களா?" என்றாள். "காலைல சாப்டதுதான்" என்றான் அவன். அவள் எங்கிருந்தோ மாங்காய் பறிக்கிற தொரட்டி ஒன்றை வாங்கிவந்து, அதன் நுனியில் கிண்ணத்தைக் கட்டி, களி உருண்டையைக் குழம்பில் நனைத்து அவன் வாய்க்கு நேராக உயர்த்தினாள். அவன் குப்புற இருந்ததால் அது வசதியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவள் சிமெண்டு கொட்டகையில் தங்கிக்கொண்டாள். மூன்று வேளையும் ஊட்டினாள், மழை வந்தால் தார்ப்பாயை இரண்டு கழிகளால் அவன் முதுகின் மேல் ஏற்றிப் போட்டாள், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏணி கொண்டுவரும் சவரக்காரருக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊரும் அவனைப் பழகிக்கொண்டது. எதிரே ஒரு டீக்கடை வந்தது. புது மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் அவனுக்கு நேர்கீழே நிறுத்தி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு ஓட்டிப்போனார்கள். வீடு வாங்க வருகிறவர்கள் கண்ணில் படாமலிருக்க, கட்டடக்காரர்கள் ஒரு பக்கம் பச்சைத் துணியைக் கட்டி மறைத்துவிட்டு, மேலே பதினாலாவது மாடிவரை போய்விட்டார்கள். தீயணைப்புக்காரர்களுக்கு வேறு தீ வந்தது. யாராவது பொறுப்பெடுத்துக்கொண்டால் வலையைக் கொடுத்துவிட்டுப் போவதாக அதிகாரி சொன்னார்.

அப்படித்தான் செங்கனல் விவாத அரங்கம் வந்து சேர்ந்தது.

அது ஒரு வாட்ஸ்அப் குழு. வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற குணாளனும், கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற எபிநேசரும் சேர்ந்து தொடங்கியது. இருவரும் இளமையில் ஒரே மறியலில் கைதாகி, ஒரே கல்யாண மண்டபத்தில், ஒரே துண்டை விரித்துப் படுத்தவர்கள். குழுவில் எழுபதுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். கண்காணாத நாடுகளில் எந்தெந்த வருஷம் புரட்சி எந்தெந்தத் திருப்பத்தில் கெட்டுப்போனது என்று அவர்கள் வருஷக்கணக்காகப் பேசிவந்தார்கள். பேசிப்பேசி ஓர் உண்மையான தொழிலாளிக்காக ஏங்கிப்போயிருந்தார்கள். அந்த ஏக்கத்துக்கு மேலேயிருந்து பதில் வந்ததைப் போல தீர்த்தகிரி அவர்களுக்குக் கிடைத்தான்.

ஆரம்பம் மிக நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். முறை வைத்துக்கொண்டு வந்தார்கள், பதினாறு பதினாறு பேராக வட்டமாக நின்றார்கள், உள்ளங்கை கொப்புளித்துப்போனதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். குணாளனுக்குச் சர்க்கரை குறைந்தது. எபிநேசர் மாணவர்களை அழைத்துவந்தார். தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிற பரிமளா, மாலை வகுப்பு முடிந்து நேராக வந்து, இருட்டும் வரை நின்றுவிட்டுப் போனாள். அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்றானதும், அதுவரை அவ்வப்போது வந்து வலையைப் பிடித்த டீக்கடைக்காரரும், லாரியில் செங்கல் ஏற்றி இறக்குகிறவர்களும், பூ மார்க்கெட் பெண்களும் நிம்மதியாகத் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

தீர்த்தகிரி முதலில் எல்லோரையும் சார் என்றான். "தோழர் என்று கூப்பிடுங்கள்" என்றார் குணாளன். அன்றிலிருந்து தோழர் சார் என்றான். மேலேயிருந்து அவனுக்கு யார் முகமும் தெரியாது; உச்சந்தலைகள்தான் தெரியும். நடுவில் வட்டமாக வழுக்கை விழுந்தது குணாளன், மருதாணி பூசிச் சிவந்தது எபிநேசர், வகிட்டோரம் ஒற்றை நரைக்கோடு ஓடுவது பரிமளா. மாலை நேரங்களில் அவர்கள் பாடினால் அவனும் சேர்ந்து பாடுவான். "கீழ இத்தன பேரு நிக்கறதப் பார்க்க, எனக்குக் கல்யாணம் மாதிரி இருக்குது" என்று ஒருநாள் மாதம்மாவிடம் சொன்னான். அவள் அன்று எல்லோருக்கும் சுண்டல் வேகவைத்துக் கொடுத்தாள்.

பிறகு வலைக்குப் பக்கத்தில் ஒரு பேனர் வைக்கலாமென்று முடிவாயிற்று.

'வீழ்த்தப்பட்ட தொழிலாளி தீர்த்தகிரிக்குத் தோள் கொடுப்போம்' என்று எழுதி குணாளன் குழுவில் போட்டார். அழகாகத்தான் இருந்தது. பத்துப் பதினைந்து பேர் சிவப்புக் கொடி போட்டுப் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு எபிநேசர் மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்: வீழ்த்தப்பட்ட என்றால் வீழ்ச்சி முடிந்துவிட்டதாக ஆகிறதே தோழர், அவர் இன்னும் விழுந்துகொண்டுதானே இருக்கிறார், நடந்துகொண்டிருப்பதை முடிந்ததாகச் சொல்வது போராட்டத்தை முன்கூட்டியே கைவிடுவதாகாதா? குணாளன் அதைவிடப் பணிவாகப் பதில் எழுதினார்: விழுந்துகொண்டிருக்கிற என்றால் தானாக விழுவதாகத்தானே பொருள், அப்படியானால் தள்ளிய முதலாளி எங்கே போனார் தோழர்? கீழே ஒருவர் அதை வாசித்தது காதில் விழுந்து, யாரும் தள்ளவில்லை, ஈரமான பலகையில் கால் வழுக்கியது என்று தீர்த்தகிரி மேலேயிருந்து சொன்னான். ஈரத்தை வைத்தது யார் என்று குணாளன் கேட்டார். அது தனக்குத் தெரியவில்லை என்றான் தீர்த்தகிரி.

பணிவு இரண்டு நாள் தாங்கியது. அதற்குப் பிறகு திரிபுவாதம் என்ற சொல் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சமரசவாதம் வந்தது, குட்டி முதலாளித்துவ மனோபாவம் வந்தது, இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு மாநாட்டில் யார் யாருக்கு எதிராகக் கை தூக்கினார்கள் என்பது வந்தது, குணாளன் மகள் கல்யாணத்தில் ஐயர் வந்தது வந்தது, எபிநேசர் கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டிய புகைப்படம் வந்தது. வலையை இரண்டு கையால் பிடித்தவர்கள் ஒரு கையால் பிடித்தார்கள், மறுகையில் போன் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், வாய் திறந்து ஒரு சொல் பேசாமல், ஒருவருக்கொருவர் நீளநீளமாக எழுதிக்கொண்டார்கள். எழுதியதை எதிராளி படித்துவிட்டதைக் காட்டும் நீலக் கோடு விழுந்ததும், தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"தோழர் சார், அந்தப் பக்கம் வலை தொங்குது" என்று தீர்த்தகிரி மேலேயிருந்து சொல்வான். தூக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொங்கும்.

குழு இரண்டாயிற்று. எபிநேசரும் அவர் ஆட்களும் நீக்கப்பட்டு, செங்கனல் மெய் விவாத அரங்கம் என்று தனியாகத் தொடங்கினார்கள். இரண்டிலும் இருந்தவள் பரிமளா ஒருத்திதான். அதனால் இரண்டு பக்கமும் அவளை ஒற்றறிகிறவள் என்றார்கள்.

மாதம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் பரிமளாவிடம் வந்து, "அந்தக் குழுவுல என்னையும் சேத்து வுடுங்க, நான் கேட்டுப் பார்க்கறேன்" என்றாள். பரிமளா அவளை இரண்டிலும் சேர்க்கச் செய்தாள். அன்றைக்குச் சேர்ந்த உடனே மாதம்மா பேசி அனுப்பினாள்: "எல்லாருக்கும் வணக்கம். நான் தீர்த்தகிரி சம்சாரம் பேசறேன். மதியத்துல ஆளு கம்மியா இருக்குது. எது எழுதினாலும் செரிதான், பேனரே வேணாம்னாலும் செரிதான். கை மட்டும் வேணும். அவ்ளோதாங்க."

முதல் குழுவில் அதற்கு எழுபது பதில்கள் வந்தன. அரசியலை ஒதுக்கிவிட்டு உடனடித் தேவையை மட்டும் முன்வைக்கும் இந்தக் குரல் யாருடைய தூண்டுதல் என்று கேட்டவர்கள் ஒரு பக்கம், பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேள்வி கேட்பதே ஆணவம் என்றவர்கள் மறுபக்கம். இரண்டாவது குழு அவளை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்ட கூட்டத்துக்குப் போனதால் அன்று மதியம் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வலைக்கு வரவில்லை. மறுநாள் காலை, குழுவென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, மாதம்மா முருகன் படத்தோடு இனிய காலை வணக்கம் என்று ஒரு படத்தை இரண்டிலும் போட்டாள். மதப் பிரச்சாரம் என்று இரண்டு குழுக்களும் அவளை நீக்கின. பேனர் விவகாரம் தொடங்கிய பிறகு இரண்டு தரப்பும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

அவள் டீக்கடைக்காரரிடம் போனாள். "ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் வந்து பிடிச்சீங்கன்னா..." என்றாள்.

"அதுக்குன்னு அவங்க இருக்காங்களேம்மா" என்றார் அவர். "நாம நடுவுல போனா தப்பா நினைச்சுக்குவாங்க."

செங்கல் ஏற்றுகிறவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

வலை யாருக்கு என்ற பேச்சு அடுத்து வந்தது. இரண்டு தரப்பும் ஒரே வலையைச் சேர்ந்து பிடிப்பது கொள்கைக்கு ஒவ்வாது என்பதில் இருவருக்குமே ஐயமில்லை. முறை போட்டுக்கொள்ளலாம் என்றாள் பரிமளா. எதிர்த்தரப்பின் முறையில் அவன் விழுந்துவிட்டால் பிடித்த பெயர் அவர்களுக்குப் போய்விடும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அதைத்தான் நினைத்தார்கள். கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை வெயிலில், ரோஜாச் செடி கவாத்து செய்கிற கத்தரியை வைத்து வலையை நடுவில் சரிபாதியாக வெட்டினார்கள். மிகவும் நியாயமாக, அளந்துதான் வெட்டினார்கள். தீர்த்தகிரி மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். தலைப்பக்கத்துக்குக் கீழே ஒரு பாதியும், கால்பக்கத்துக்குக் கீழே ஒரு பாதியும் வந்தன. அவன் வயிற்றுக்குக் கீழே தரை தெரிந்தது.

"மாதம்மா" என்றான் அவன், அவர்கள் கலைந்த பிறகு. "நைலான் கயிறு இருக்குதா?"

"இருக்குது."

"தெச்சிடு."

சனியும் ஞாயிறும் அவள் தைத்தாள். தையல் வேலை அவளுக்குப் பழக்கமில்லை. கயிறு இழுத்து விரலெல்லாம் கிழிந்துபோயிற்று. கண்ணி கண்ணியாகக் கோத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சையும் காலால் மிதித்துப் பிடித்து இழுத்துப் பார்த்து, ஞாயிறு பொழுது சாய்வதற்குள் வலையை மறுபடி முழுசாக்கிவிட்டாள். மேலேயிருந்து அவன், "அங்க ஒரு கண்ணி வுட்டுட்ட பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேறு பேச்சு இல்லாமல் அவர்கள் இருவர் மட்டும் இருந்தது அந்த இரண்டு நாட்கள்தான்.

திங்கட்கிழமை காலை இரண்டு தரப்பும் வந்தன. குணாளன் தரப்பில் எட்டுப் பேர், எபிநேசர் தரப்பில் எட்டுப் பேர், பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்த பரிமளா. தைத்த வலை தரையில் விரிந்து கிடந்தது. எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். யாரும் குனிந்து எடுக்கவில்லை. எங்கள் பாதியோடு எங்கள் அனுமதியில்லாமல் இன்னொரு தரப்பின் பாதி தைக்கப்பட்டிருக்கிறது, இதை இப்போது தூக்கினால் இணைப்பை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், முதலில் ஒரு முடிவு வேண்டும் என்று குணாளன் தன் குழுவில் எழுதினார். ஏறக்குறைய அதே சொற்களில் எபிநேசரும் தன் குழுவில் எழுதிக்கொண்டிருந்தார். முடிவெடுக்க வாக்கெடுப்பு என்றாயிற்று. வாக்கெடுப்பின் கேள்வியை எப்படி அமைப்பது என்பதில் இழுபறி ஆயிற்று. பதினேழு தலைகளும் போன்களின் மேல் கவிழ்ந்தன.

அந்த நேரத்தில் தீர்த்தகிரிக்கு இடுப்பு கனத்தது. அத்தனை மாதமாகப் பஞ்சைப் போல இருந்த உடம்பில் முதலில் இடுப்பும், பிறகு தொடையும், பிறகு உள்ளங்கைகளும் ஒவ்வொன்றாகக் கனத்தன. என்ன நடக்கப்போகிறதென்று அவனுக்குப் புரிந்தது. நேர்கீழே, களிக்கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு மாதம்மா உட்கார்ந்திருந்தாள்.

"மாதம்மா, எனக்குக் காரச்சேவு தின்னணும் போல இருக்குது."

"எதிர்க்கடையில வாங்கியாரேன்."

"அது எண்ணெய் நாத்தம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை இருக்குது பாரு, அங்க போயி வாங்கியா."

"அவ்ளோ தூரமா?"

"போயிட்டு வா. மெதுவாவே போ, ஒண்ணும் அவசரமில்ல."

அவள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சிரித்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். சாலையைக் கடந்து, பஸ்ஸில் ஏறி, அந்த பஸ் வளைவில் திரும்பும் வரை அவன் அந்தப் பக்கமே பார்த்திருந்தான். பிறகுதான் கூப்பிட்டான்.

"குணாளன் தோழர் சார். வலையைத் தூக்குங்க."

"ஒரு நிமிஷம் தோழர்" என்றது வழுக்கைத் தலை. "இதை அனுப்பிவிட்டு வருகிறேன்."

"எபிநேசர் தோழர் சார்."

எபிநேசர் தலை நிமிராமல் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். இதோ முடித்துவிடுகிறேன் என்று அதற்குப் பொருள்.

அவன் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எல்லோரையும் அவனுக்குத் தெரியும். யார் தலை என்று பார்த்து, பெயர் பிசகாமல், கோபமில்லாமல், பந்தியில் சாப்பாடு கேட்கிறவன் மாதிரித்தான் கூப்பிட்டான். சிலர் "இதோ" என்றார்கள். சிலர் "ம்" என்றார்கள். பரிமளா அப்போது இரண்டு குழுக்களுக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோள் எழுதிக்கொண்டிருந்தாள். வேற்றுமைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த மனிதருக்காக நாம் ஒன்றுபட வேண்டும் என்று தொடங்கி நீளமாகப் போயிருந்தது. கண்ணில் நீர் முட்ட எழுதிக்கொண்டிருந்தாள். தன் பெயர் காதில் விழுந்ததும் அந்தப் பதினேழு பேரில் அவள் ஒருத்திதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அத்தனை மாதமாக நரைக்கோட்டை மட்டுமே பார்த்திருந்த தீர்த்தகிரி அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தான். "ஓ, நீங்கதானா அது" என்றான்.

பிறகு விழுந்தான்.

பதினொரு மாடி வேகமும் சேர்ந்து வரும் என்று அதிகாரி சொன்னது சரியாகத்தான் இருந்தது. வலை அவனுக்கும் தரைக்கும் நடுவில், ஒரு போர்வையின் கனத்தில் கிடந்தது. மாதம்மா போட்ட முடிச்சுகளில் ஒன்றுகூட அவிழவில்லை. எழும்பிய புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கிய பிறகு, சுற்றி நின்றவர்கள் முதலில் தங்கள் போன்களின் மேல் படிந்ததைச் சட்டையில் துடைத்தார்கள். அப்படிச் செய்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. டீக்கடைக்காரர் ஓடிவந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் முகத்தின் மேல் போட்டார்.

இரண்டு குழுக்களிலும் முதலில் வந்தது பரிமளாவின் ஒற்றுமை வேண்டுகோள். அவளறியாமல் அனுப்பு என்பதை அவள் விரல் தொட்டுவிட்டிருந்தது. மூன்று பேர் அதற்கு இதயம் போட்டார்கள். அதன் பிறகு வீழ்ந்த தோழருக்கு வீரவணக்கம் என்று ஒருவர் எழுதினார். வீழ்ந்தவரா, வீழ்த்தப்பட்டவரா என்று இன்னொருவர் கேட்டார்.

மாதம்மா காரச்சேவுப் பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அவள் மேலே பார்த்தாள். அங்கே அவன் இல்லாததைப் பார்த்த பிறகு கீழே பார்த்தாள். துண்டை விலக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காலில் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

மறுநாள் பிணத்தை ஊருக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றபோது இரண்டு தரப்பும் மாலைகளோடு வந்திருந்தன. அவர்களுக்குள் ஒரு முழுச் சாலையின் இடைவெளி இருந்தது. குணாளன் முதலில் வந்தார். ஒரே நாளில் கிழவராகிவிட்டிருந்தார். உண்மையாகவே அழுதார். அழுதுமுடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, தோழர் உங்களிடம் கடைசியாக என்ன சொன்னார்? அஞ்சலிக் கூட்டத்தில் அதைச் சொல்ல வேண்டும்" என்று கேட்டார். அவர் என்ன கேட்கிறார் என்பதை அறிந்து எபிநேசரும் சாலையைக் கடந்து வேகமாக வந்தார். வெகுநாட்களுக்குப் பிறகு இருவரும் அருகருகே நின்றார்கள்.

மாதம்மா யோசித்துப் பார்த்தாள்.

"காரச்சேவு வாங்கியாரச் சொன்னாரு" என்றாள். "அப்புறம், மெதுவாவே போ, ஒண்ணும் அவசரமில்லன்னாரு."

இருவரும் தலையாட்டினார்கள். இருவரும் விலகி நடந்து, தத்தம் மரநிழலில் நின்று போனை எடுத்தார்கள். அவசரமில்லை என்று ஒரு தொழிலாளி சொல்வது நீண்டகாலப் போராட்டத்தில் அவருக்கிருந்த நம்பிக்கையைக் காட்டுகிறது என்று ஒருவரும், அது கண்டிப்பாகச் சரணாகதிக் குரல், எதிர்த்தரப்பு அவருக்குள் விதைத்தது என்று மற்றவரும் எழுதத் தொடங்கினார்கள். இரண்டு மாலைகளும் வண்டியின் கூரைமேல் கிடந்தன. பரிமளா ஏறி உட்கார இடமிருக்கிறதா என்று கேட்க வந்தவள், கேட்காமல், கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டாள்.

கிருஷ்ணகிரிச் சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, "யாரும்மா அவங்கல்லாம்? அவ்ளோ கூட்டம். சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் மாதம்மா. "அவரைப் பிடிக்கறதுக்கு வந்தவங்க."